சிகரெட்டை விட்டால் உடம்பு போடுமா?

டீக்கடை வாசலில் நிற்கிற நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். "விட்டா உடம்பு போட்டுரும்ப்பா" என்பார்கள். கூடவே, விட்டு ஆறே மாதத்தில் தொப்பை வந்து, பயந்துபோய் மறுபடி பற்றவைத்த யாரோ ஒரு மச்சான் கதையும் வரும். இந்தப் பேச்சில் பாதி உண்மை. எடை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். புகை கொழுப்பைக் கரைக்கிறது, விட்டால் எடை ஏறிக்கொண்டே போகும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது என்கிற மீதிப் பாதி தவறு. அந்தத் தவறை நம்பியே வருஷக்கணக்கில் விடாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். எடை எங்கிருந்து ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே பிடித்து நிறுத்தலாம் என்பதும் தெரிந்துவிடும். பீடிக்கும் இதே கணக்குதான்.

எவ்வளவு ஏறும்?

மருந்து எதுவும் இல்லாமல் விட்டவர்களைப் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் ஒரு கணக்கு வெளியானது. முதல் மாத முடிவில் சராசரியாக 1 கிலோ சொச்சம் ஏறியிருந்தது. மூன்றாம் மாதம் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆறாம் மாதம் 4 கிலோவுக்குச் சற்று மேல், ஒரு வருஷத்தில் நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஒரு வருஷத்தில் ஏறியதில் பாதிக்கு மேல் முதல் 3 மாதத்திலேயே ஏறிவிட்டது. பிறகு வேகம் குறைந்துகொண்டே வருகிறது.

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். அதே கணக்கில் 100-க்கு 16 பேர் விட்ட பிறகு எடை குறைந்திருந்தார்கள். 13 பேருக்கு 10 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. எல்லோருக்கும் ஒரே தலையெழுத்து கிடையாது. இந்த வித்தியாசத்தில் உடல்வாகுக்கும் பங்குண்டு, அந்த 3 மாதம் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நடந்தார்கள் என்பதற்கும் பங்குண்டு. நம் கையில் இருப்பது இரண்டாவது.

ஐட்லிங் ஏற்றி வைத்த வண்டி

சிக்னலில் நிற்கிற ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். நகராமல் நின்றாலும் இன்ஜின் ஓடுகிறது, பெட்ரோல் எரிகிறது. மெக்கானிக் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவிட்டால், நிற்கும்போதே இன்னும் கூடுதலாக எரியும். வண்டி அதனால் ஒரு அடிகூட முன்னே போவதில்லை, தேய்மானம்தான் மிச்சம்.

நம் உடம்பும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட இதயத் துடிப்பு, மூச்சு, உடல் சூடு இவற்றுக்காகச் சக்தியை எரித்துக்கொண்டே இருக்கிறது. இதை அடிப்படை எரிப்பு என்று வைத்துக்கொள்வோம். உணவிலிருந்து கிடைக்கும் சக்தியையும் உடம்பு எரிக்கும் சக்தியையும் அளக்கும் அலகு கலோரி. புகையிலையில் உள்ள நிகோட்டின் என்ற போதைப்பொருள்தான் அந்த ஐட்லிங் ஸ்க்ரூ. அது அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, அடிப்படை எரிப்பைச் செயற்கையாக ஏற்றிவிடுகிறது. ஒரு பெட்டிக்கு மேல் புகைப்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வரை கூடுதலாக எரியலாம். விட்டதும் ஸ்க்ரூ பழைய இடத்துக்கு வந்துவிடும். உடம்பு கெட்டுப்போய் எடை ஏறவில்லை. புகை இல்லாமல் இருந்திருந்தால் எந்த எடையில் இருந்திருப்பீர்களோ, அதை நோக்கி உடம்பு நகர்கிறது.

புகைப்பவர்கள் ஒல்லியாக இருக்கிறார்களே என்பவர்கள் இடுப்பையும் அளந்து பார்க்க வேண்டும். ஒரே எடையுள்ள இரண்டு பேரில், புகைப்பவருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம் சேரும் போக்கு உண்டு. சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் வழி விடுவது இந்த வயிற்றுக் கொழுப்புதான்.

அரிசி வேகும் முன்பே அடிக்கிற விசில்

குக்கருக்குக் கீழே தீயை மிகவும் கூட்டி வைத்தால், உள்ளே அரிசி வேகும் முன்பே விசில் வந்துவிடும். விசிலை மட்டும் எண்ணி இறக்கினால் சோறு நறுக்கரிசியாக இருக்கும். பசியிலும் நிகோட்டின் இதையே செய்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றையும் கவனிப்பது அது. "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று சொல்லும் செல்கள் அங்கே உண்டு. நிகோட்டின் அந்தச் செல்களைத் தொட்டுத் தூண்டுவதால், சாப்பாடு உள்ளே போகாமலே "போதும்" என்கிற விசில் அடிக்கிறது. காலை டிபனைத் தள்ளிவிட்டு ஒரு டீ, ஒரு தம் என்று மதியம் வரை ஓட்ட முடிவது இதனால்தான்.

விட்டதும் அந்தப் பொய் விசில் நின்றுவிடும். அதோடு விலகல் அறிகுறிகளும் சேரும். பழகிய போதைப்பொருள் கிடைக்காதபோது உடம்பு காட்டும் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கூடுதல் பசி இவற்றுக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பாலானவை முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் அடங்கிவிடும். பசி மட்டும் பிடிவாதக்காரன். அது 2, 3 மாதம்கூட இழுக்கும். எடை முதல் 3 மாதத்தில் அதிகம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாக்கும் மூக்கும் வேறு திரும்பி வருகின்றன. சில நாட்களிலேயே ரசத்தின் வாசனை முன்பைவிடத் தூக்கலாகத் தெரியும், குழம்பில் உப்புப் புளி தனித்தனியாகத் தெரியும். சந்தோஷமான விஷயம்தான், ஆனால் இன்னொரு கரண்டி சோறு கேட்கவைக்கும்.

இதுவரை பார்த்தது: எரிவது கொஞ்சம் குறைகிறது, பசி கொஞ்சம் கூடுகிறது. இரண்டுமே அளவுக்கு உட்பட்டவை. மூன்றாவது காரணம் உடம்புக்குள் இல்லை.

வேலை இழந்த கையும் வாயும்

ஒரு நாளைக்கு 15 சிகரெட், ஒன்றுக்கு 10 இழுப்பு என்று வைத்தாலே 150 முறை கை வாய்க்குப் போகிறது. விட்ட அடுத்த நாள் அந்த 150 முறையும் கை சும்மா தொங்குகிறது. அது எதையாவது தேடும். பக்கத்தில் மிக்சர் டப்பா இருந்தால் அதற்குள்தான் போகும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: சாப்பிட்டு முடித்ததும் போடும் அந்த ஒரு தம், சாப்பாட்டுக்கு வைத்த முற்றுப்புள்ளி. கை கழுவி எழுந்து வெளியே போகவைத்தது அதுதான். அது இல்லாமல் போனால் உட்கார்ந்த இடத்திலேயே மோர்ச்சோறு இன்னொரு கை, அப்பளம் இன்னொன்று என்று சாப்பாடு நீளும். வேறொரு முற்றுப்புள்ளி வைத்தாக வேண்டும். கடைசிக் கவளம் விழுங்கியதும் எழுந்துவிடுங்கள். வாய் கொப்பளித்துப் பல் தேயுங்கள், இல்லையென்றால் அரை ஸ்பூன் சோம்பை மெல்லுங்கள். 10 நிமிஷம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். பற்பசை ருசி வாயில் இருக்கும்போது இன்னொரு வாய் சாப்பிடத் தோன்றாது.

காபி திடீரென்று இரட்டிப்பாவது ஏன்?

இது பெரும்பாலோருக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. காபி, டீயில் உள்ள கஃபீனைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. புகையில் உள்ள தார் அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. அதனால் புகைப்பவர் உடம்பில் காபி சீக்கிரம் தீர்ந்துபோகும், அவர்களும் அதிகம் குடித்துப் பழகியிருப்பார்கள். விட்ட சில நாட்களில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அதே 5 டீயைத் தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் கஃபீன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கை நடுங்கும், படபடக்கும், ராத்திரி தூக்கம் வராது. "சிகரெட் விட்டதால இப்படி ஆயிருச்சு" என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும், அது எடையிலும் வந்து நிற்கும்.

ஆகவே, விடும் நாளிலிருந்தே காபி, டீயைப் பாதியாகக் குறையுங்கள். மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம். எடைக்கணக்கிலும் இதில் லாபம் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம், 20 கலோரி. டீக்கு 2 ஸ்பூன் என்று 4 டீ குடித்தால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. சர்க்கரை இல்லாமல் 2 டீ என்று மாற்றிக்கொண்டால், நிகோட்டின் எரித்துக்கொண்டிருந்த 200 கலோரியில் பெரும்பகுதி இங்கேயே ஈடாகிவிடுகிறது.

விடுவதற்கு முந்தைய வாரம்

தேதி குறித்ததும் செய்ய வேண்டியவை. காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். டேப் வைத்து இடுப்பையும் அளக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் அளப்பதுதான் முறை. பேன்ட் சைஸ் கணக்கு உதவாது, ஏனென்றால் பேன்ட்டைப் பலரும் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரை நல்லது.

பிஸ்கட், மிக்சர், முறுக்கு டப்பாக்களைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். வாங்காமலே இருந்துவிட்டால் இன்னும் நல்லது. மூன்று வேளைச் சாப்பாட்டு நேரத்தையும் காலை 11, மாலை 5 மணிச் சிற்றுண்டியையும் முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பட்டினி கிடந்து எடை குறைக்கும் முயற்சியை மட்டும் இந்த நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வயிறு காய்ந்தால் புகைக்கிற ஆசை கூடும். முதல் 3 மாதத்துக்குக் குறிக்கோள், ஏறுவதை 1, 2 கிலோவுக்குள் பிடித்து வைப்பது. குறைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தட்டில் என்ன மாற்றம்?

காலை டிபனைத் தள்ளவே கூடாது. இத்தனை நாள் புகை மூடி வைத்த பசி காலையில்தான் முதலில் வெளியே வரும். 3 இட்லியும் நிறையக் காய் போட்ட சாம்பாரும், கூட ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறோ இருந்தால் 11 மணி வரை தாங்கும். முட்டை, பயறு, மீன், தயிர் இவற்றில் உள்ள புரதம் வயிற்றில் நின்று பசியை அடக்குகிறது. மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி பொரியலோ கூட்டோ கீரையோ வையுங்கள். தட்டு நிறைந்தே இருக்கும், கலோரி குறைந்திருக்கும்.

கீரையும் காயும் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். "காலைல ஒரு தம் போட்டாத்தான் வயிறு போகும்" என்பது வெறும் மனப்பழக்கம் கிடையாது, நிகோட்டின் குடலையும் முடுக்குகிறது. விட்ட முதல் சில வாரம் மலச்சிக்கலும் வயிறு உப்புசமும் வரலாம். மெஷினில் ஏறி நின்றால் அரைக் கிலோ கூடத் தெரிவதில் இதற்கும் பங்குண்டு, அது கொழுப்பு கிடையாது. கொய்யா, வாழைத்தண்டு, கீரை, எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர் என்று ஆரம்பித்தால் சில வாரத்தில் சரியாகிவிடும்.

இடையில் வாய்க்கு என்ன கொடுப்பது?

முதலில் அது பசியா, வாய் கேட்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு எளிய சோதனை இருக்கிறது. "இப்போ ரெண்டு இட்லி வச்சா சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் பசி, சாப்பிட்டுவிடுங்கள். இட்லி வேண்டாம், ஆனால் காரமாகவோ இனிப்பாகவோ ஏதாவது வேண்டும் என்றால் அது நிகோட்டின் ஏக்கம். நிகோட்டின் மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கவைத்து ஒரு சின்ன நிறைவைத் தந்துகொண்டிருந்தது. இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் அதே நிறைவைக் கொஞ்சம் தருவதால்தான் நாக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு ஏக்கமும் பொதுவாக 3 முதல் 5 நிமிஷத்தில் தணிந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்துவிட்டு மாடிப்படி ஏறி இறங்கினால் அந்த நேரம் கடந்துவிடும்.

வாய்க்கு ஏலக்காய், கிராம்பு, சீரகம், சர்க்கரை போடாத நெல்லி வற்றல், வெள்ளரி, கேரட். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

மாலைச் சிற்றுண்டிக்குச் சுண்டல். 30 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்து வேகவைத்தால் ஒரு சின்னக் கிண்ணம் வரும், சுமார் 110 கலோரி. அதே 30 கிராம் மிக்சர் 150-ஐத் தாண்டும், அதுவும் 30 கிராமோடு யாரும் நிறுத்துவதில்லை. வேர்க்கடலை என்றால் தோலோடு அவித்து வையுங்கள். ஒவ்வொன்றாக உடைத்து, உரித்து, வாயில் போடுவதற்குள் நேரம் போகும், கைக்கும் வேலை கிடைக்கும். தை மாதத்தில் கிடைக்கும் பனங்கிழங்குக்கும் இதே குணம். நாரை உரித்து உரித்துத் தின்ன அரைமணி நேரம் ஆகிவிடும்.

பப்பிள்கம் போல மெல்லக் கூடாத கம்

மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோட்டின் கம், நிகோட்டின் மாற்று என்ற வகையைச் சேர்ந்தது. தாரும் புகையும் இல்லாமல் நிகோட்டினை மட்டும் குறைந்த அளவில் கொடுத்து, படிப்படியாகக் குறைக்கும் முறை அது. விடுவதற்கு உதவுவதோடு, பயன்படுத்தும் வரை எடை ஏறுவதையும் தள்ளிப்போடுகிறது. முதல் மாதத்துப் போராட்டத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது என்று சொல்லலாம்: இப்போது பழக்கத்தோடு மட்டும் மல்லுக்கட்டுங்கள், பசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. தூங்கி எழுந்து அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்குப் பொதுவாக 4, மற்றவர்களுக்கு 2. எது உங்களுக்கு என்று டாக்டரிடம் கேட்டு வாங்குவது நல்லது. மெல்லும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். மிளகு கடித்தது போன்ற காரமும் குறுகுறுப்பும் தெரியும் வரை மெதுவாக மெல்லுங்கள். தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு, மறுபடி வேறு இடத்தில் ஒதுக்கு. இப்படி அரைமணி நேரம். விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் தரும். அந்த எரிச்சலைப் பசி என்று நினைத்துச் சாப்பிடப் போவதும் நடக்கிறது. மெல்வதற்கு 15 நிமிஷம் முன்பிருந்து காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது, அவற்றின் புளிப்புத்தன்மை வாயில் நிகோட்டின் இறங்கவிடாது. இரண்டே வாரத்தில் "சரியாயிருச்சு" என்று நிறுத்திவிடாமல் 8 முதல் 12 வாரம் வரை படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

இன்னொரு குறிப்பு: காபி விஷயத்தை இந்த கம் சரிசெய்யாது. கல்லீரலை முடுக்கியது நிகோட்டின் இல்லை, புகை.

நடை

வேகமாக அரைமணி நேரம் நடந்தால், எடையைப் பொறுத்து 120 முதல் 150 கலோரி செலவாகும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிஷம் போதும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் சரியான வேகம். பத்து நிமிஷ நடை ஏக்கத்தையும் தணிக்கிறது. கூடவே வாரம் 3 நாள், நாற்காலியில் கையை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுவது, இரண்டு தடவை. தசை குறையாமல் இருந்தால் அடிப்படை எரிப்பும் குறையாது. முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். நுரையீரல் தன்னைத் துப்புரவு செய்யும் வேலை அது. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

சுருக்கம்: இனிப்பில்லாத இரண்டு டீ, அரைமணி நடை, சாப்பாட்டுக்கு ஒரு முற்றுப்புள்ளி. நிகோட்டின் எரித்த 200 கலோரி இதிலேயே ஈடாகிவிடும்.

எங்கே சறுக்கும்?

முதலாவது மிட்டாய். சிகரெட் கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்லேட் மிட்டாய் என்று பழகினால், ஒன்றுக்கு 20 கலோரி, 15 மிட்டாய்க்கு 300. நிகோட்டின் எரித்ததைவிட அதிகம்.

இரண்டாவது குடி. 60 மில்லி பிராந்தியில் மட்டும் சுமார் 140 கலோரி, ஒரு குவாட்டர் 400-ஐத் தாண்டும். சைடு டிஷ் தனி. இரண்டு ரவுண்டு போன பிறகு யாராவது நீட்டும் சிகரெட்டை மறுக்க முடியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. முதல் 3 மாதம் குடியையும் தள்ளிவைப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, தினமும் மெஷினில் ஏறி நிற்பது. உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் இவற்றாலேயே ஒரு கிலோ முன்னே பின்னே ஆடும். வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே உடை. இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் மாலைச் சிற்றுண்டியையும் டீச் சர்க்கரையையும் முதலில் பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருப்பான்.

நாலாவது, எடைக்குப் பயந்து மறுபடி ஆரம்பிப்பது. 2018-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்தது. விட்ட பிறகு எடை ஏறியவர்களுக்குச் சில ஆண்டுகள் வரை சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு கூடியிருந்தது உண்மை. ஆனால் 10 கிலோவுக்கு மேல் ஏறியவர்களுக்கும்கூட, தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால் இதய நோயால் சாகும் ஆபத்து குறைந்தே இருந்தது. ஏறிய எடையைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவர்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள் விடும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். காபிக்கு நடப்பதே சில மருந்துகளுக்கும் நடக்கும், அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகள் நிகோட்டின் கம் உட்பட எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடை அதிகம் உள்ளவர்கள், எடை ஏறுவதைத் தள்ளிப்போடும் புப்ரோபியன் போன்ற மாத்திரை தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

பேசி ஆலோசனை கேட்க 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் சேவை. 2018-லிருந்து சிகரெட் பெட்டியின் மேலேயே, அந்த எச்சரிக்கைப் படத்தோடு அச்சடித்திருப்பார்கள். கடைசிப் பெட்டியைக் கசக்கிப் போடும் முன் எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள்.